வாய்மொழியால் ஆன தீவு

முன்பின் அறியாத ஒரு துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டு, கையில் ஒரு காகிதக் கட்டும், அதை எந்த ஊரில் எவனிடம் சேர்க்க வேண்டும் என்ற தகவலும் தவிர வேறொன்றும் இல்லாதவனாய், மேற்கொண்டு போகும் வழியை எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டே தெரிந்துகொள்ளவேண்டிய நிலையில் ஒரு மனிதனை நிறுத்திவிட்டு, இனி உன் பாடு என்று விலகிக்கொள்ளும் தைரியம் எந்தக் கதாசிரியனுக்கும் எளிதில் வருவதில்லை. 2002ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவிலுள்ள பெதெஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'மோரோவிண்ட்' என்னும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு அந்தத் தைரியம் இருந்தது. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்ற வரிசையில் மூன்றாவதாக வந்த இதை இளமையில் ஆடியிருந்த நான், பல வருஷங்கள் சென்றபின் இப்பொழுது மீண்டும் எடுத்து, ஆதியிலிருந்து அந்தம்வரை நிதானமாக ஆடி முடித்திருக்கிறேன். அன்று என் மனத்தில் பதிந்து நின்றவை சாம்பற்புயலும், கோபுரம்போல் வளர்ந்த காளான்களும், ஜெரமி சோல் அமைத்த முகப்பு இசையும். இன்று என்னை ஆட்கொண்ட விஷயம் வேறு. அந்தத் தீவில் நமக்குத் தெரியவருவதெல்லாம் யாரோ ஒருவருடைய வாய்வழியாகவே தெரியவருகிறது. அந்த வாய்களில் ஒன்றுக்கும் விளையாட்டு ஜாமீன் நிற்பதில்லை. நம்பத்தக்கவன் சொன்ன சொல்லும் அறிவுக்கு ஒரு பிரமாணம் என்று நம் தர்க்க சாஸ்திரிகள் வகுத்தார்கள். ஆப்த வாக்கியம் என்று அதற்குப் பெயர். மோரோவிண்டில் வாக்கியங்கள் ஏராளம், ஆப்தனைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

கதையை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். டாம்ரியல் என்ற சாம்ராஜ்யத்தின் வடகிழக்கு மூலையில் மோரோவிண்ட் ஒரு மாகாணம். அதன் நடுவே வார்டன்ஃபெல் என்ற தீவு. தீவின் நடுவே ரெட் மவுண்டன் என்ற எரிமலை. அங்கே வாழும் டன்மர் என்ற சாம்பல் நிறத்து மக்கள் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டவர்களேயாயினும், தங்கள் சட்டத்தையும் கோயிலையும் அடிமை வியாபாரத்தையும் விட்டுக்கொடுக்காமல், வெளியிலிருந்து வருகிறவனை அந்நியன் என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பழகியவர்கள். அல்மலெக்சியா, சோதா சில், விவெக் என்று மூன்று தெய்வங்களை அவர்கள் வணங்குகிறார்கள். மூவரும் ஒரு காலத்தில் மனிதர்களைப்போலப் பிறந்து, இன்றும் சரீரத்தோடு உலவுகிறவர்கள். எரிமலைக்குள் டாகோத் ஊர் என்ற பழைய பகைவன் விழித்தெழுந்து, நோயையும் கெட்ட கனவுகளையும் நாடெங்கும் பரப்புகிறான். எத்தனையோ தலைமுறைகளுக்கு முன் மாண்ட நெரவார் என்ற சேனாதிபதி மறுபடி பிறந்து, அந்நியனாக வந்து, அந்தப் பகைவனை வெல்வான் என்று, ஆஷ்லாண்டர் எனப்படும் நாடோடிக் குலத்தாரிடம் ஒரு தீர்க்கதரிசனம் வழங்கிவருகிறது. கைதியாக வந்து கப்பலிலிருந்து இறங்கிய அந்த மனிதன்தான் அந்த மறுபிறவியா என்ற கேள்வியே கதை.

வழி கேட்பதைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். பல்மோரா என்ற ஊரில் நமக்கு இடப்படும் முதல் பெரிய வேலை, ஆர்க்ங்தாண்ட் என்ற பாழடைந்த இடத்திலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்துவருவது. அது எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஊரை விட்டுத் தெற்கே போய், ஆற்றைக் கடந்து, மூன்மாத் கோட்டையைத் தாண்டிக் கிழக்கே நடந்தால், எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த பள்ளத்தாக்கின்மேல் பழங்காலத்துப் பாலம் ஒன்று வரும், அதற்கு அப்பால் மேட்டிலே பார், கதவைத் திறக்கும் திருகு கதவில் இராது, பக்கத்துக் குழாயில் இருக்கும் என்று இவ்வளவையும் வார்த்தையாகவே சொல்கிறார்கள். அந்த வார்த்தைகள் நம்முடைய நாட்குறிப்பில் பதிவாகின்றன. அவ்வளவோடு விளையாட்டின் உதவி முடிந்தது. திரையில் அம்புக்குறி இல்லை. இலக்கின்மேல் சுடர்விடும் அடையாளம் இல்லை. விளையாட்டின் பெட்டியோடு வந்த காகித வரைபடத்தை மேஜைமேல் விரித்துவைத்துக்கொண்டு, மலையின் நிழலையும் ஆற்றின் வளைவையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே நடக்கவேண்டும். சில இடங்களில் சொன்னவன் திசையை மாற்றிச் சொல்லியிருப்பான். எழுதியவர்களின் கவனக்குறைவால் நேர்ந்தது அது என்று இன்று எனக்குத் தெரிந்தாலும், அந்தத் தவறுகூட உலகத்தின் இயல்போடு பொருந்திவிடுகிறது. ஏனெனில் வழி சொல்கிறவன் தான் வழக்கமாக நடக்கும் வழியை நினைத்துக்கொண்டு சொல்வானே தவிர, கேட்கிறவனுடைய கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த கென் ரோல்ஸ்டனின் பூர்வாசிரமம் நினைவுக்கு வருகிறது. கம்ப்யூட்டர்த் துறைக்கு வருமுன் அவர், நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டியும் வாயால் கதை சொல்லியும் ஆடும் விளையாட்டுகளுக்கு எழுதிவந்தவர். அந்த மேஜையில் காடும் கோட்டையும் ஒருவன் சொல்லக் கேட்பவை. கேட்கிறவன் மனத்தில் அவை எழுந்தால்தான் உண்டு. மோரோவிண்ட் அந்த மேஜையின் சந்ததி. இதற்கு முந்தைய 'டாகர்ஃபால்' 1996இல் வந்தபோது, பிரிட்டன் தேசத்துக்கு ஈடான விஸ்தீரணமுடைய நிலப்பரப்பு என்று பெருமை பேசப்பட்டது. ஆனால் அதில் பெரும்பகுதி கணக்கு விதிகளின்படி இயந்திரம் உருவாக்கிய நிலம். மோரோவிண்டை ஆக்கியவர்கள் அந்த விஸ்தாரத்தைத் துறந்து, ஒரே ஒரு தீவை எடுத்துக்கொண்டு, அதில் ஒவ்வொரு பாறையையும் பானையையும் கையால் வைத்தார்கள். கையால் வைக்கப்பட்ட பாறையைத்தான் ஒருவன் இன்னொருவனுக்கு அடையாளமாகச் சொல்ல முடியும்.

அந்தச் சிறு தீவு எப்படி அவ்வளவு பெரிதாக இருந்தது என்பது எனக்கு நெடுநாள் ஆச்சரியம். அக்காலத்துக் கம்ப்யூட்டர்களின் சக்திக்குள் அடங்குவதற்காக, கூப்பிடு தூரத்துக்கு அப்பாலுள்ளதை எல்லாம் மூடுபனி மறைக்கும்படி அமைத்திருந்தார்கள். போதாததற்கு, தொடக்கத்தில் நம் பாத்திரத்தின் நடையோ மிகவும் மெதுவானது. ஊருக்கு ஊர் போவதற்கு, சில்ட் ஸ்ட்ரைடர் என்ற பிரம்மாண்டமான பூச்சியின் குடைந்த ஓட்டுக்குள் ஏறி உட்காரலாம், படகேறலாம், மந்திரவாதிகளின் சங்கத்தில் காசு கொடுத்துக் கண்ணிமைக்கும் நேரத்தில் இடம் மாறலாம். ஆனால் அந்த மார்க்கங்கள் எல்லாம் சில ஊர்களை மட்டுமே இணைக்கின்றன, எஞ்சியது கால்நடைதான். 2008 முதல் தன்னார்வலர்கள் உழைத்து ஆக்கிவரும் 'ஓப்பன்எம்டபிள்யூ' என்ற புதிய இயக்குபொறியில் இதே விளையாட்டை ஆடினால் மூடுபனியைக் கண்ணெட்டாத தூரத்துக்கு விலக்கிவிட முடிகிறது. நானும் விலக்கிப் பார்த்தேன். நாள் முழுதும் நடந்தாலும் எட்டாது என்று எண்ணியிருந்த எரிமலை அருகிலேயே நிற்கிறது. வெவ்வேறு தேசங்கள்போல் மனத்தில் இருந்த ஊர்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. அழகான காட்சிதான். ஆனாலும் சிறிது நேரத்துக்குப் பிறகு மூடுபனியைத் திரும்ப அழைத்துக்கொண்டேன். பிறர் சொல்லை நம்பி நடக்கிறவனுக்கு வழியின் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால், சொன்னவனுக்கும் அவனுக்கும் இடையில் இருந்த பற்று அறுந்துபோகிறது.

குறைகளும் உண்டு. வாள் எதிரியின் உடலில் பாய்வதைக் கண்ணால் காண்கிறோம். ஆனால் திரைக்குப் பின்னால் உருளும் பகடை தவறிவிட்டால் அது படவில்லை என்றாகிறது. மேஜை விளையாட்டில் நியாயமாக இருந்த இந்த விதி, கண்முன் நடக்கும் சண்டைக்குப் பொருந்தவில்லை. ஊரார் இரவும் பகலும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். ஒரே விஷயத்தைப் பத்துப் பேரிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதிலை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். இவற்றுக்குச் சமாதானம் தேட நான் விரும்பவில்லை.

ஆனால் அதே ஊரார் சரித்திரத்தைப் பேசத் தொடங்கும்போது நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. நெரவார் எப்படி இறந்தான்? கோயிலைக் கேட்டால், ரெட் மவுண்டன் போரில் பட்ட காயங்களால் இறந்தான் என்று சொல்லி, அவனை ஒரு மகானாக வைத்துப் பூஜிக்கிறது. ஆஷ்லாண்டர்களைக் கேட்டால், நெரவாரின் கேடயத் துணைவனாக இருந்த அலாண்ட்ரோ சூல் தங்கள் முன்னோரிடம் வந்து சொன்னதாக வேறொரு கதை சொல்கிறார்கள்: போருக்குப் பிறகு, இன்று தெய்வங்களாக இருக்கும் அந்த மூவருமே சடங்கு என்ற பெயரில் விஷமூட்டிய மெழுகுவர்த்திகளாலும் அங்கியாலும் மந்திரத்தாலும் அவனைக் கொன்றார்கள், அதன்பின் எரிமலைக்குள் இருந்த லோர்கான் என்ற பழந்தெய்வத்தின் இருதயத்திலிருந்து அமரத்துவத்தைத் திருடிக்கொண்டார்கள். இந்த இரண்டாம் கதையைச் சொல்லும் ஏடுகளைக் கோயில் மறைத்துவைத்திருக்கிறது. அவற்றைப் படித்துச் சந்தேகம் கொண்ட குருமார்களைச் சிறையில் அடைக்கிறது. ஒரே க்ஷேத்திரத்துக்கு ஸ்தலபுராணம் ஒன்று சொல்ல, கல்வெட்டு வேறொன்று சொல்ல, பக்கத்துக் கிராமத்துப் பூசாரி மூன்றாவதாக ஒன்றைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நிலைமை அந்நியமாகத் தோன்றாது. இதற்கெல்லாம் சிகரமாக, விவெக் தானே இயற்றியதாக முப்பத்தாறு உபதேசங்கள் புத்தக வடிவில் தீவெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை எழுதியவர் மைக்கேல் கிர்க்பிரைட். தன் புகழையே பாடிக்கொள்ளும் அந்தத் தெய்வத்தின் கடைசி உபதேசத்தில் பத்திகளின் முதல் எழுத்துகளைக் கோத்துப் பார்த்தால், கொடிய கொலை என்ற பொருளுடைய இரண்டு ஆங்கிலச் சொற்கள் வெளிப்படுகின்றன. துதிப்பாடலுக்குள் வாக்குமூலத்தை ஒளித்துவைத்த தெய்வம்! சிறு வயதில் அந்தப் புத்தகங்களை விற்றுக் காசாக்கலாம் என்பதற்குமேல் நான் சிந்தித்ததில்லை; இப்பொழுது அவற்றை வரிசைப்படி தேடிச் சேர்த்துப் படிப்பதற்காகவே ஊர் ஊராகத் திரிந்தேன்.

எது உண்மை என்று விளையாட்டு கடைசிவரை தீர்ப்புச் சொல்வதில்லை. விவெக்கையே நேரில் சந்தித்துக் கேட்கலாம். அவனும் தன் கட்சியைச் சொல்லிவிட்டு, நம்புவதும் நம்பாததும் உன் பொறுப்பு என்கிற பாவனையில் அமர்ந்திருக்கிறான். ஒரே நாளில் உலகைவிட்டு மறைந்துபோன ட்வெமர் என்ற இனத்தாருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கும் பண்டிதர்களின் அனுமானங்கள் உண்டே தவிர, முடிவு கிடையாது. அந்த இனத்தில் எஞ்சிய ஒருவன், யாக்ரம் பாகார்ன், நோயால் உருக்குலைந்து ஒரு மந்திரவாதியின் நிலவறையில் கிடக்கிறான். தன் மக்கள் எங்கே போனார்கள் என்பது அவனுக்கும் தெரியாது.

தீர்க்கதரிசனமும் இப்படிப்பட்ட சொல்தான். கப்பலிலிருந்து நாம் சுமந்துவந்த காகிதக் கட்டு சக்கரவர்த்தியின் ஆணையால் அவருடைய ஒற்றர் தலைவருக்கு எழுதப்பட்ட ரகசியக் கடிதம் என்பது சிறிது காலம் சென்றபின் தெரியவருகிறது. இந்தக் கைதியின் பிறப்பு விவரங்கள் உள்ளூர் நம்பிக்கையோடு ஒத்துப்போகின்றன. எனவே இவனைக் கொண்டு தீர்க்கதரிசனத்தின் நிபந்தனைகளைக் கூடியவரை நிறைவேற்றப் பார் என்பதே அதன் சாரம். இளமையில் இதைக் கதையின் ஒரு திருப்பமாகப் படித்துவிட்டு மேலே போய்விடலாம். வயது வந்தபின் அப்படிப் போக முடியவில்லை. ஏனெனில் அதற்குப் பிறகு நிறைவேறும் ஒவ்வொரு நிபந்தனையிலும் மனிதக் கை தெரிகிறது. நெரவாரின் மறுபிறவியை நோய் தீண்டாது என்பது வாக்கு. நாமோ கார்ப்ரஸ் என்ற கொடிய நோயில் விழுந்து, திவாயத் ஃபைர் என்ற கிழ மந்திரவாதியின் மருந்தைக் குடித்துப் பிழைக்கிறோம். மருந்து நோயின் கேட்டை மட்டும் நீக்கிவிட்டு, வேறு நோய் அணுகாத தன்மையை உடலில் விட்டுவைக்கிறது. வாக்குப் பலித்ததா, மருந்து பலித்ததா? நான்கு நாடோடிக் குலங்களும் நம்மை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. அதில் ஜைனாப் குலத்தலைவன், டெல்வானி என்ற உயர்குடியில் பிறந்த பெண் ஒருத்தியைத் தனக்கு மணம் முடித்துவைத்தால் ஏற்கிறேன் என்கிறான். அவன் குலத்து ஞானமூதாட்டியே நம்மைத் தனியே அழைத்து, டெல் அருன் அடிமைச் சந்தைக்குப் போய் ஒரு டன்மர் பெண்ணை வாங்கி, பட்டும் வாசனையும் பூட்டி, உயர்குடிப் பெண் என்று அழைத்துவா என்று யுக்தி சொல்லிக்கொடுக்கிறாள். ஃபலூரா லெர்வு என்ற அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு பாளையத்துக்கு நடக்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் உலகை ரட்சிக்கப் பிறந்தவன் என்று சொல்லப்படுகிறவன் விலை கொடுத்து வாங்கிய ஒரு மனுஷியை முன்னிட்டு அந்தப் பட்டத்தைப் பெறுகிறான் என்பதைக் கதை எவ்வித உபந்நியாசமும் இல்லாமல் நம் கையாலேயே செய்யவைக்கிறது. இந்தப் பகுதியை எழுதியவர்களிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

விடியலிலும் அந்தியிலும் மட்டுமே கதவு திறக்கும் அவதாரக் குகையில், நமக்கு முன் தாமே அந்த மறுபிறவி என்று நம்பி, முயன்று, தோற்று இறந்தவர்களின் ஆவிகள் நிற்கின்றன. ஒவ்வொருவரோடும் பேசலாம். அவர்களிலும் வீரர்கள் இருந்தார்கள், நல்லவர்கள் இருந்தார்கள். அடையாளங்கள் சில அவர்களுக்கும் பொருந்தியிருந்தன. அவர்களுக்கும் நமக்கும் உள்ள வேற்றுமை நாம் இன்னும் தோற்கவில்லை என்பது ஒன்றே என்று உணர்வதற்கு, வாழ்க்கையிலும் சில தோல்விகளைக் கண்டிருக்க வேண்டும் போலும்.

கதைக்கு இன்றியமையாத ஒருவரை நாம் கொன்றுவிட்டால், விதியின் இழை அறுந்துவிட்டது, பழைய நிலைக்குத் திரும்பு, அல்லது நீ உண்டாக்கிய அழிவுலகிலேயே தொடர்ந்து இரு என்ற கருத்தில் ஓர் அறிவிப்பு தோன்றும். பிற விளையாட்டுகள் அப்படிப்பட்டவர்களைக் கொல்ல முடியாதவர்களாகவே ஆக்கிவிடும். இங்கே தவறு செய்ய உரிமை உண்டு. அதைவிட வியப்பு, அந்த அறிவிப்பும் முழு உண்மை அல்ல என்பது. விவெக்கையே கொன்று, அவனிடமிருந்த கைக்கவசத்தை எடுத்துப்போய், நிலவறையில் கிடக்கும் யாக்ரம் பாகார்னிடம் கொடுத்தால், அவன் அதை நாம் அணியும்படி பண்படுத்தித் தருவான். அதை அணிந்துகொண்டு, கோயிலும் குலங்களும் தீர்க்கதரிசனமும் எதுவுமின்றி எரிமலைக்குள் புகுந்து டாகோத் ஊரை வெல்ல முடியும். விளையாட்டே தன் வாயால் அறிவித்ததையும் நம்பவேண்டியதில்லை! எரிமலைக்குள் டாகோத் ஊரும் வாளை ஓங்குமுன் நம்மை நிறுத்தி, நீ உண்மையிலேயே நெரவாரின் மறுபிறவியா, அல்லது உன்னையே அப்படி ஆக்கிக்கொண்டவனா என்று கேட்கிறான். ஆம், இல்லை, தெரியாது என்றெல்லாம் விடை சொல்ல இடம் இருக்கிறது. எந்த விடைக்கும் சண்டை ஒன்றுதான். நான் இம்முறை தெரியாது என்றேன். முன்பு ஆம் என்று சொன்னபோது கிடைத்த வெற்றியே இப்பொழுதும் கிடைத்தது.

பிறகு வந்த 'ஆப்லிவியன்' 2006இல் திசைகாட்டியையும் அம்புக்குறியையும் கொண்டுவந்தது. எல்லோர் பேச்சும் குரலாகப் பதிவுசெய்யப்பட்டதால் பேச்சு சுருங்கிற்று. பலருக்கு அது வரப்பிரசாதமாக இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. இன்னொரு பக்கம், மோரோவிண்ட் வெளிவருவதற்கு முன்பே 2001இல் தொடங்கி இன்றளவும் ஊதியமின்றி உழைத்துவரும் 'டாம்ரியல் ரீபில்ட்' என்ற ரசிகர் குழு, தீவைச் சுற்றியுள்ள பெருநிலத்தை ஊர் ஊராக, அதே வாய்மொழி வழக்கத்தோடு கட்டிவருகிறது.

மறுபடி ஆடுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு: பின்னால் நடந்தது தெரிந்திருப்பது. விவெக்கின் பெயரால் அமைந்த மாநகரத்துக்கு மேலே, வானத்திலிருந்து விழ வந்த ஒரு பெரும்பாறையை அந்தத் தெய்வம் தன் சக்தியால் நிறுத்திவைத்திருக்கிறது. கோயில் அந்தப் பாறையையே குடைந்து சிறைச்சாலை ஆக்கியிருக்கிறது. எரிமலையின் இருதயத்தை அழித்தால் தெய்வத்தின் சக்தி வற்றும். அந்தப் பாறை ஒரு நாள் விழுந்தது, நகரம் அழிந்தது, ரெட் மவுண்டன் வெடித்தது என்பதை கிரெக் கீஸ் 2009இல் எழுதிய 'தி இன்ஃபெர்னல் சிட்டி' என்ற நாவல் சொல்கிறது. அந்த நகரத்தின் கால்வாய்களுக்கு மேலுள்ள பாலங்களில் நடந்துபோகும்போது, எதிரே வரும் யாத்ரிகர்களிடம் வழி கேட்கவும் எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆயினும் வேலையை முடித்தேன். சாம்பற்புயலோடு வந்த நோய் ஓய்ந்தது. டெல் அருன் சந்தையில் அடிமைக் கூண்டுகள் முன்போலவே இருந்தன. அடிமை வியாபாரத்தை மோரோவிண்டின் அரசன் ஒழிக்க முற்பட்டான் என்பது, 'ஆப்லிவியன்' விளையாட்டில் வேறொரு மாகாணத்துத் தெருக்களில் இரண்டு பேர் பேசிக்கொள்ளும் வதந்தியாகவே நமக்கு எட்டுகிறது. நெரவாரின் மறுபிறவியைப் பற்றியும் அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அவன் ஏதோ ஒரு படையோடு அகாவிர் என்ற தூரதேசத்துக்குக் கப்பலேறிப் போய்விட்டானாம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லையாம். அதைச் சொல்கிறவன் அந்த மறுபிறவியை நேரில் பார்த்தவன் அல்லன். யாரோ சொல்லக் கேட்டவன்.